விலாசம் என்னும் அமானிதம்

எழுதியவரின் கையை விட்டுப் போய், பெற வேண்டியவரின் கைக்கு இன்னும் வந்து சேராத ஒரு கடிதம், இடையில் வைத்திருப்பவரிடம் என்னவாக இருக்கிறது? நம் மார்க்க வழக்கில் இதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. அது அமானிதம். வைத்திருப்பவர் அதன் காவலரே தவிர உரிமையாளர் அல்லர். நகைக்கும் பணத்துக்கும் இதை நாம் உடனே ஒப்புக்கொள்கிறோம். கடிதத்துக்கு ஒப்புக்கொள்வதில் சற்றுத் தடுமாறுகிறோம். மின்னஞ்சல் என்று வந்துவிட்டால் கேள்வியே நம் மனதில் எழுவதில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் விடயம் பார்வைக்குச் சிறியது. கணினி தெரிந்த ஒருவர், தெரியாத இன்னொருவருக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அமைத்துக் கொடுக்கிறார். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மற்றவருக்கு எதற்கெல்லாம் கடமைப்பட்டவராகிறார்? உதவி எந்த இடத்தில் முடிகிறது, அதிகாரம் எந்த இடத்தில் தொடங்குகிறது?

பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் முன்வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. விலாசம் என்பது இங்கே எல்லோருக்கும் தானாகக் கிடைத்த ஒன்றாக ஒருபோதும் இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைச்சரிவுகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் லயன் அறைகளில் குடியமர்த்தப்பட்டனர். லயத்துக்கு வீதிப் பெயர் கிடையாது; தபாற்காரர் அறிந்த வீட்டிலக்கமும் கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், நகரம், இவ்வளவுதான் விலாசம். பசறைக்கோ லுணுகலைக்கோ அப்புத்தளைக்கோ வந்து சேரும் கடிதம் தோட்டத்துத் தபால் பையில் ஏறித் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டோ, கங்காணி மூலமோ, பாடசாலை விட்டு வரும் ஒரு பிள்ளையின் கையிலோ லயத்துக்குப் போகும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த கதையை மலையகத்தில் எவரைக் கேட்டாலும் ஒன்றாவது சொல்வார்கள். கந்தோரில் இருந்தவர்கள் எல்லோரும் கடிதங்களை உடைத்துப் படித்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. நேர்மையானவர்கள் இருந்தார்கள். ஆனால் யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது, பெற்றவருக்கு முன்பே இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. கடிதம் வந்து சேர்வது இடையில் இருப்பவரின் நற்குணத்தில் தங்கியிருந்தது. நற்குணம் நல்லதுதான், அதில் தங்கியிருக்க வேண்டிய நிலை நல்லதல்ல.

இந்த மக்களுக்குக் கடிதம் ஒரு பொழுதுபோக்காகவும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. ஒரே லயத்துக் குடும்பங்கள் இரண்டு கரைகளில் நின்றன. அண்ணன் நீலகிரியில், தங்கை பதுளையில். அவர்களுக்கு இடையில் இருந்தது ஒரு நீல நிற விமானக் கடிதம் மட்டுமே. விண்ணப்பம், பதில், நாள் குறித்த அழைப்பு என எல்லாமே தபாலில் வந்தன. ஒரு கடிதம் தவறினால் ஒரு குடும்பத்தின் நாடே தவறக்கூடிய காலம் அது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. தனிவீட்டுக் கிராமங்களுக்கான அதிகாரசபையை 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கியது. ஆயினும் இன்றும் பல தோட்டங்களில் தோட்டத்தின் பெயரே மனிதரின் விலாசம்.

ஹாலி-எலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொண்டார். 2022இல் மறையும்வரை அவர் தெளிவத்தை ஜோசப். பிறர் கொடுத்த விலாசத்தை ஓர் எழுத்தாளர் தமது பெயராகவே உரிமையாக்கிக்கொண்டார் என்று இதை வாசிக்கலாம். எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை.

இக்கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைக் கடைவீதிகளில் முஸ்லிம் கடைகள் இல்லாத காலத்தை நினைப்பது கடினம். தோட்டத்தாருக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்த கடை, பல வேளைகளில் அவர்களுடைய தபாற் பெட்டியாகவும் இருந்தது. கந்தோர் வழியாகக் கடிதம் வருவதை விரும்பாதவர்கள் 'மே/பா' என்று போட்டுக் கடையின் விலாசத்தைக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அதே கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான். எழுதிக் கொடுத்தவருக்கு வீட்டின் இரகசியங்கள் எல்லாம் தெரியும். யாருக்கு எவ்வளவு கடன், எந்த மகளுக்கு எங்கே பேச்சு, எந்த மகன் பணம் அனுப்பவில்லை என்பதெல்லாம் தெரியும்.

இந்த எழுத்தரின் நிலையைத் திருமறை அறிந்திருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், அல்குர்ஆனிலேயே நீளமான வசனம், எழுதுபவரைப் பற்றியது. கடனை எழுதித் தரும்படி கேட்கப்பட்டவர் மறுக்கக் கூடாது, நீதியோடு எழுத வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்பன அதன் கருத்துகள். சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்று. பேனா ஒருவரிடம் இருந்தாலும் சொல் மற்றவருடையது. பேனா வைத்திருப்பவருக்கு அங்கே கடமை சொல்லப்படுகிறது. உரிமை எதுவும் சொல்லப்படவில்லை.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம்.

இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. மலையக நகரங்களில் அது முதலில் கொமியுனிகேஷன் கடைகள் வழியாக வந்தது. 2005 முதல் அரசின் நெனசல நிலையங்கள் கிராமப்புறங்களில் திறக்கப்பட்டன. அந்தத் திட்டத்தின் மின்நூலகப் பிரிவுக்கு 2014இல் கேற்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதும் கிடைத்தது. கடையானாலும் நிலையமானாலும் பழக்கம் ஒன்றுதான்: ஒரு கணினி, பல மனிதர்கள், நடுவில் கணினி தெரிந்த ஒருவர்.

இன்று பெரும்பாலானோர் கைத்தொலைபேசியிலோ, ஜிமெயில் போன்ற இணையப் பக்கத்திலோ அஞ்சல் பார்க்கிறார்கள். இதற்கு இன்னொரு வழியும் உண்டு. இணைய உலாவிக்குள்ளேயே மின்னஞ்சல் மென்பொருளும் சேர்ந்து வருவது. 1990களில் நெட்ஸ்கேப் இதைப் பரவலாக்கியது. அதன் வழிவந்த மொஸில்லாத் தொகுப்பு 2002இல் முதலாம் பதிப்பைக் கண்டது. 2006 முதல் அது சீமங்கி என்ற பெயரில் தொடர்கிறது. 2003இல் வெளிவந்த ஒபேரா 7, எம்2 என்னும் அஞ்சல் பகுதியோடு வந்தது. 2013இல் ஒபேரா அதைத் தன் உலாவியிலிருந்து நீக்கியது. விவால்டி உலாவி 2022இல் தனது அஞ்சல் பகுதியின் முதற்பதிப்பை வெளியிட்டது. இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் மலைப்பிரதேசத்தில் இத்தகைய மென்பொருளுக்கு ஒரு பயன் உண்டு. அஞ்சல்கள் கணினிக்கு இறங்கிவிடுவதால், இணைப்பு இல்லாத வேளையிலும் படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம், இணைப்பு வந்ததும் அனுப்பலாம்.

பயன் எதுவோ, அதுவே நமது கேள்வியின் இடமும் ஆகிறது. கடிதம் இப்போது ஒரு கணினியில் இறங்கிக் கிடக்கிறது. அது யாருடைய கணினி?

அமைத்துக் கொடுக்கும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரம் சித்தியடைந்த ஒரு மாணவி, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று நகரத்துக் கடையொன்றுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

உலாவியின் அஞ்சல் பகுதியைத் திறந்து புதிய கணக்கு என்று கொடுத்ததும், மென்பொருள் முதலில் கேட்பது பெயர். இங்கே எதைத் தட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளும், சரிபார்ப்பதில்லை. அனுப்பும் ஒவ்வோர் அஞ்சலின் தலையிலும் அந்தப் பெயரே போகும். மலையகத்தவரின் பெயர்கள் பதிவேடுகளில் பிறர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு, பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் வேறொன்றுமாகி, அதனால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே முதற் கடமை எளிது: விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்துவது. மெதுவாகத்தான் தட்டுவாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுவார்கள். இருந்தாலும் தன் பெயரை அவளே எழுதட்டும்.

அடுத்தது அஞ்சல் வரும் வழி. பெரும்பாலான மென்பொருட்கள் இரண்டு முறைகளைத் தருகின்றன. பீ.ஓ.பீ. என்ற முறையில் கடிதம் சேவை நிலையத்திலிருந்து இந்தக் கணினிக்கு இறங்கிவிடும். 'சேவை நிலையத்திலும் பிரதி வைத்திரு' என்ற அடையாளம் இடப்படாவிட்டால் அங்கே மூலப்பிரதி எஞ்சாமலும் போகலாம். ஐ.எம்.ஏ.பீ. என்ற முறையில் கடிதம் சேவை நிலையத்திலேயே இருக்கும். இங்கே நாம் பார்ப்பது அதன் பிரதி. முதலாவது, தபாற் கந்தோரிலிருந்து கடிதத்தை எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து வைப்பது போன்றது. சொந்தக் கணினி உள்ளவருக்கு அதில் குறையில்லை. கடைக் கணினியில் அமைத்தால், அந்த மாணவியின் பல்கலைக்கழக அழைப்பு கடையில் மட்டுமே இருக்கும். கடை பூட்டியிருக்கும் நாளில் அவளுக்கு விலாசம் இல்லை. பழைய தோட்டக் கந்தோரைப் புதிதாகக் கட்டியதாகிவிடும். கட்டியவருக்கே அது தெரியாமல் இருக்கவும் கூடும்.

மூன்றாவது கடவுச்சொல். உலாவி கேட்கும்: நினைவில் வைத்திருக்கவா? சம்மதித்தால், அந்தக் கணினியில் அமரும் எவரும் அவளுடைய அஞ்சலைத் திறக்கலாம். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் இதற்கு விடை வேண்டாம் என்பதே. சீமங்கி போன்றவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் விவரத்தை உருவாக்கலாம்; சேமித்த கடவுச்சொற்களுக்கு மேல் ஒரு தலைமைக் கடவுச்சொல்லும் இடலாம். ஆனால் அது கடவுச்சொற்களை மட்டுமே பூட்டுகிறது. இறங்கிவிட்ட கடிதங்கள் கணினியின் கோப்புறைக்குள் பெரும்பாலும் பூட்டின்றியே கிடக்கின்றன. எம்2இலும் விவால்டியிலும் வேறொரு சிக்கல். எல்லாக் கணக்குகளின் அஞ்சல்களையும் ஒரே பட்டியலாகக் காட்டுவது அவற்றின் இயல்பு. ஒருவரே பல கணக்கு வைத்திருந்தால் அது வசதி. இரண்டு மனிதரின் கணக்குகளை ஒரே உலாவியில் சேர்த்துவிட்டால் ஒருவர் கடிதம் மற்றவர் கண்முன் வந்து நிற்கும். யாரும் ஒற்றறிய வேண்டியதில்லை, மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, அழித்தல். சீமங்கி வகை மென்பொருளில் ஓர் அஞ்சலை அழித்துக் குப்பையையும் வெறுமையாக்கினாலும், கோப்புறையைச் 'சுருக்கு' என்ற கட்டளை நிறைவேறும்வரை அதன் எழுத்துகள் கோப்பினுள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கடையைவிட்டுப் போகும் பெண் அழித்துவிட்டேன் என்ற நிம்மதியோடு போகிறாள். அந்த நிம்மதி உண்மையா என்பது கடைக்காரருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லாமல் விடுவதை நாம் வியாபாரத்தில் என்னவென்று அழைக்கிறோம்? சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கு மார்க்கம் இடம் தருவதில்லை. சேவைக்கு மட்டும் வேறு சட்டமா?

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கணக்கைத் திறக்கும்போது சேவை நிறுவனம் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கேட்கும். கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்கு அது. வந்தவரிடம் சொந்தத் தொலைபேசி இல்லை. அல்லது இலக்கம் நினைவில் இல்லை. அமைத்துக் கொடுப்பவர் தனது இலக்கத்தைப் போடுகிறார். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் அந்தக் கணத்திலிருந்து அந்த விலாசத்தின் உண்மையான சாவி அவருடைய சட்டைப் பைக்குள் இருக்கிறது. அவள் கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றினாலும், மீட்பு இலக்கம் வைத்திருப்பவர் உள்ளே வரலாம்.

இங்கே சிலர் சொல்வார்கள்: அவர்களாகவே கேட்கிறார்கள். "நானா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு மறந்துபோகும்" என்கிறார்கள். விரும்பிக் கொடுத்ததை வைத்திருப்பதில் என்ன தவறு?

இது மறுப்பதற்கு எளிதான வாதமல்ல. அனுமதி பெற்றபின் அத்துமீறல் இல்லை என்பது சட்டத்தின் நோக்கும்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றி ஒரு கணினிக்குள் அல்லது அதிலுள்ள தகவலுக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. அதிகாரம் கொடுத்துவிட்டால் அந்தக் குற்றம் இல்லை. ஆனால் அனுமதி என்பது என்ன? தான் எதைக் கொடுக்கிறேன் என்று அறிந்து கொடுப்பதே அனுமதி. மின்னஞ்சலுக்குள் தன் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் தொழில் விண்ணப்பமும் வந்து சேரப்போகின்றன என்று அறியாத ஒருவர் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அதை அனுமதியாக எடுத்துக்கொள்பவர், அவருடைய அறியாமையை அனுமதியாக எடுத்துக்கொள்கிறார். வேறு வழியில்லாததாலும் மனிதர்கள் சம்மதிப்பார்கள். தோட்டக் கந்தோருக்குக் கடிதம் போவதற்கும் அந்த மக்கள் சம்மதித்தே இருந்தார்கள்.

இன்னொரு வாதம் பெற்றோருடையது. மகளின் அஞ்சலைத் தகப்பன் பார்க்கக் கூடாதா? வழிதவறிப் போகாமல் காப்பது கடமையல்லவா? சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை பொறுப்பு பெற்றோருடையதே. ஆனால் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு. அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பிறர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைவதைத் தடுக்கிறது. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களும், பருவமடையாத பிள்ளைகளும்கூட, மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே வரவேண்டும் என்கிறது. வீட்டுக்குள்ளும் கதவு உண்டு என்பது இதன் பொருள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும்போது, உறவினருக்கு விதிவிலக்கு எதையும் அங்கே குறிப்பிடவில்லை.

கடிதத்தைப் பற்றியே நேரடியாகப் பேசும் ஓர் அறிவிப்பும் அபூதாவூத் தொகுப்பில் உண்டு. சகோதரனின் கடிதத்தை அவன் அனுமதியின்றிப் பார்ப்பதை அது நெருப்பைப் பார்ப்பதற்கு ஒப்பிடுகிறது. அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று தொகுத்தவரே குறிப்பிட்டிருப்பதால், இதன்மேல் சட்டம் கட்டுவது முறையல்ல. ஆனால் மேற்சொன்ன வசனங்களோடு இதன் கருத்து ஒத்துப்போகிறது என்பதை மறுக்க முடியாது.

மறுபுறத்தில், கடிதம் ஒன்று வழிமறிக்கப்பட்ட சம்பவமும் நம் வரலாற்றில் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஹிஜ்ரி 8இல் மக்காவை நோக்கிப் படை புறப்படவிருந்தபோது, ஹாதிப் இப்னு அபீபல்தஆ (ரழி) அச்செய்தியை மக்காவாசிகளுக்கு எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். நபிகளார் (ஸல்) அலி, ஸுபைர், மிக்தாத் (ரழி) ஆகியோரை அனுப்பி அக்கடிதத்தைக் கைப்பற்றச் செய்தார்கள். ஆகவே எந்த நிலையிலும் எவர் கடிதத்தையும் எவரும் பார்க்கக் கூடாது என்று நாம் வாதிட முடியாது. பல உயிர்கள் தங்கியிருக்கும் வேளையில், பொதுப்பொறுப்பு உள்ளவர், குறித்த ஒரு கடிதத்தைத் தடுக்கலாம். ஆனால் அதன்பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். எழுதியவர் அழைக்கப்பட்டார், ஏன் எழுதினாய் என்று கேட்கப்பட்டார். மக்காவில் ஆதரவின்றி இருக்கும் தன் குடும்பத்தைக் காக்கவே எழுதினேன் என்றார் அவர். உமர் (ரழி) தண்டிக்க அனுமதி கேட்டபோதும், பத்ரில் பங்குபற்றியவர் என்பதைச் சுட்டி நபிகளார் அவரை விட்டுவிட்டார்கள். கடிதம் பொதுப்பேச்சாக்கப்படவில்லை, அதை வைத்து எவரும் அவரை மிரட்டவில்லை. இச்சம்பவத்தைக் காட்டித் தன் கடைக்கு வருபவரின் அஞ்சலைப் பார்க்கும் ஒருவர், தன்னை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

அதே ஹிஜ்ரி 8இல், அதே மக்கா வெற்றியின்போது, இன்னொன்றும் நடந்தது. கஃபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹாவின் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. நபிகளார் சாவியைப் பெற்று உள்ளே சென்று வந்தார்கள். வெற்றி பெற்றவர்கள் பக்கத்தில் சாவியை விரும்பியவர்கள் இருந்தார்கள். ஆயினும் அது உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவருடைய குலத்தவரிடம் அப்பொறுப்பு இன்றும் தொடர்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை இச்சம்பவத்தோடு இணைத்து விரிவுரையாளர்கள் பேசுவர்.

நமது கேள்விக்கான விடை இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. அமானிதம் என்றதும் நாம் பத்திரமாக வைத்திருப்பதையே நினைக்கிறோம். பிறர் இரகசியத்தை வெளியிடாதவரை நாம் நம்பிக்கையானவர்கள் என்று திருப்திப்படுகிறோம். ஆனால் அந்த வசனம் கேட்பது ஒப்படைத்தலை. வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சாவி அவரிடம் இருக்க வேண்டியதில்லை என்றால் அவர் அதைக் கொடுத்துவிட வேண்டும். இருபது பேரின் கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, ஒன்றையும் தவறாகப் பயன்படுத்தாத கடைக்காரர் ஒரு நல்ல மனிதர்தான். ஆயினும் அவர் இன்னும் அமானிதத்தை நிறைவேற்றவில்லை. அந்தக் கொப்பி நாளை அவர் மகனிடம் போகும். வேலைக்கு நிற்கும் பையனின் கண்ணில் படும். கடை கைமாறினால் வாங்கியவரிடம் போகும். நற்குணம் கொப்பியோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

இதைப் பின்பற்றுவதில் நட்டமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாவியை வைத்திருப்பவரிடம் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். தானே திறக்கக் கற்றுக்கொண்டவர் வராமல் போகலாம். ஒருவர் தன்னை நம்பியிருப்பதில் மனதுக்கு ஒரு சுகமும் இருக்கிறது. "நானா இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று கேட்பது யாருக்கும் இனிக்கும். கங்காணிக்கும் அது இனித்திருக்கும். இந்தச் சுகத்தை விட்டுக்கொடுப்பதுதான் இவ்விடயத்தில் நம்மிடம் கேட்கப்படும் தியாகம். பெரிய தியாகமல்ல. ஆனால் எவரும் பார்க்காத இடத்தில், எவரும் நன்றி சொல்லாத விதத்தில் செய்ய வேண்டியிருப்பதால் கடினமானது.

நடைமுறையில் இது சில நிமிடங்களையே கூடுதலாகக் கேட்கிறது. பெயரை அவரே தட்டட்டும். பகிர்ந்த கணினியென்றால் அஞ்சலை அதில் இறக்கி வைக்கும் முறையைத் தவிர்த்து, இணையப் பக்கத்தினூடாகப் பார்த்துவிட்டு வெளியேறக் கற்றுக்கொடுக்கலாம். வீட்டில் சொந்தக் கணினி உள்ளவருக்கு உலாவியோடு சேர்ந்த அஞ்சல் மென்பொருள் நல்ல துணை. அவருக்குத் தனிப் பயனர் விவரம் அமைத்து, சேவை நிலையத்தில் பிரதி இருப்பதை உறுதிசெய்து, சுருக்கு என்ற கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்டலாம். சில சேவைகள் இப்போது மென்பொருளுக்குள் கடவுச்சொல்லைத் தட்டுவதை ஏற்பதில்லை. தமது சொந்தப் பக்கத்தில் நுழைந்து அனுமதி தரும்படி கேட்கின்றன. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு, அவரையே அழுத்த விடலாம். கடவுச்சொல்லைத் தட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மீட்பு இலக்கமாக அவருடைய குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரின் இலக்கத்தைக் கேட்கலாம். அது கிடைக்கும்வரை கணக்கைத் திறப்பதை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் குற்றமில்லை.

கடைசியாக ஒன்று. புதிய விலாசத்திலிருந்து போகும் முதல் அஞ்சலை அமைத்துக் கொடுத்தவரின் முகவரிக்கு 'சோதனை' என்று அனுப்பிப் பார்ப்பது நம் வழக்கம். அதற்குப் பதிலாக, யாருக்கு எழுத விரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவின் மகனுக்காக இருக்கலாம். ரியாதில் வேலை செய்யும் தாய்க்காக இருக்கலாம். படித்த பாடசாலையின் ஆசிரியருக்காக இருக்கலாம். முகவரியைத் தட்ட உதவிவிட்டு, அவர் எழுதத் தொடங்கும்போது நாம் எழுந்து அப்பால் போய்விட வேண்டும்.